வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

"இந்த சாஃப்ட்வேரைச் சுத்தமா தூக்கிடுங்கண்ணே, ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது." கோட்டக்குப்பத்தில் லினக்ஸ் கணினியைத் தொட்டு வேலை செய்யும் எவருக்கும் இந்த வேண்டுகோள் பழக்கமானது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்தது தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அக்கா படித்த கணினி தம்பிக்குப் போகும், தம்பியிடமிருந்து சித்தப்பாவின் கடைக்குப் போகும். கை மாறும்போதெல்லாம் பழையதை நீக்குவது என்ற பேச்சு எழும். அப்போது கேட்பவர் மனத்தில் இருப்பது விண்டோஸ் பழக்கம். நீக்கு என்ற பொத்தானை அழுத்தியும் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதைத் துடைக்கத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்பது அந்தப் பழக்கம் சொல்லிக் கொடுத்த பாடம். லினக்ஸிலும் சில கோப்புகள் தங்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கவனக்குறைவால் தங்கியவை அல்ல. அவற்றை அழிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அந்த அமைப்பே முடிவுசெய்து விட்டுவைத்தவை. அந்த முடிவு சரியானது என்பதும், முழு நீக்கம் என்ற வேலை நீக்கும் நாளில் அல்ல, நிறுவும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தவை.

டெபியன் குடும்பத்தில், அதாவது பாஸ், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும், மென்பொருள் ஒரு பொதியாக வருகிறது. அதைப் பிரித்து வைக்கும் டிபிகேஜி என்ற கருவி ஒரு கணக்குப் பேரேடு வைத்திருக்கிறது. எந்தப் பொதி எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்பது வரி வரியாக அதில் இருக்கும். நீக்கச் சொன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்கும், ஊகத்தில் எதையும் தொடாது. இதில் இரண்டு படிகள் உண்டு. ரிமூவ் என்றால் நிரலும் அதன் துணைக் கோப்புகளும் போகும், அமைவுக் கோப்புகள் மட்டும் ஈடிசி கோப்புறையில் நிற்கும். பர்ஜ் என்றால் அவையும் போகும். ரிமூவ் மட்டும் செய்த பொதி பேரேட்டில் 'ஆர்சி' என்ற இரண்டு எழுத்துக் குறியோடு நிற்கும்: நீக்கியாயிற்று, அமைவு மட்டும் இருக்கிறது என்று பொருள். எதுவும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை; கேட்டால் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. அமைவுக் கோப்பை மட்டும் தனியாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் எளிது. நிரலை எழுதியவர் கொடுத்தது நிரல். அமைவுக் கோப்பை அவர் கொடுத்திருந்தாலும், பிறகு அதில் கைவைத்துத் திருத்தியவர் இந்தக் கணினியை நிர்வகிப்பவர். ஒரு கல்லூரியின் வலைச் சேவையகத்தில் நாள் கணக்காக உட்கார்ந்து ஒருவர் செய்த திருத்தங்களைப் பதிப்பு மாற்றத்திற்காக நிரலை ஒருமுறை நீக்கியதும் இழக்க வேண்டும் என்றால் அதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

கூடவே வந்த துணைப் பொதிகளின் கதையும் இப்படித்தான். ஒரு படத் திருத்தியை நிறுவினால் அதற்குத் தேவையான இருபது முப்பது நூலகப் பொதிகள் தாமாகவே வந்து சேரும். நாம் கேட்டு வந்தது எது, துணையாக வந்தது எது என்பதை, பொதிகளை இறக்கி நிறுவும் ஏபிடி கருவி தனியாகக் குறித்து வைக்கிறது. தலைமைப் பொதி போனதும், துணையாக வந்தவற்றில் வேறு எதற்கும் தேவைப்படாதவற்றை ஆட்டோரிமூவ் கட்டளை எடுத்துவிடும். வேறொரு மென்பொருள் அதே நூலகத்தை நம்பியிருந்தால் தொடாது. ஃபெடோராவின் டிஎன்எஃப், ஆர்ச்சின் பேக்மேன் ஆகியவையும் இதே கணக்கைத்தான் வேறு சொற்களில் வைத்திருக்கின்றன. ஆகவே "பாதிதான் போச்சு" என்று வருகிறவர்களுக்கு முதல் பதில் பர்ஜும் ஆட்டோரிமூவும்தான். பலருக்கு அதோடு முடிந்தும் விடுகிறது.

முடியாத இடம் ஹோம் கோப்புறை. பர்ஜ் என்ற கடுமையான கட்டளைகூட அதற்குள் நுழைவதில்லை. மறதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கொள்கை. பொதியை நீக்குபவர் கணினியின் நிர்வாகி. ஹோமுக்குள் இருப்பது பயனருடையது. ஒரே கணினியில் ஐந்து பேருக்குக் கணக்கு இருக்கலாம். பள்ளி ஆய்வகங்களில் நடப்பதுபோல, ஹோம் கோப்புறை இந்தக் கணினியிலேயே இல்லாமல் வலை வழியாக வேறொரு சேவையகத்திலிருந்து வரலாம். இந்தக் கணினியில் வேண்டாம் என்று நீக்கிய மென்பொருள் பக்கத்து மேசைக் கணினியில் அதே பயனருக்கு இன்னும் தேவைப்படலாம். தமிழ் டிடிபி வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். லிபர்ஆபீஸில் எழுத்துப்பிழை திருத்தி ஒவ்வொரு சொல்லாகச் சிவப்புக் கோடு போடும்போதெல்லாம் 'அகராதியில் சேர்' என்று அழுத்தி அழுத்தி, ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் பள்ளிவாசல் அழைப்பிதழில் வரும் அரபுச் சொற்களும் சேர்ந்த ஒரு சொற்கிடங்கு அவரிடம் உருவாகியிருக்கும். அது இருப்பது ஹோமுக்குள், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறையில், லிபர்ஆபீஸின் பயனர் பகுதியில். பழைய பதிப்பைப் பர்ஜ் செய்து புதிய பதிப்பைப் போட்டதும் அந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன என்றால், 'முழுமையாக நீக்கவில்லை' என்று நாம் குறைசொல்லும் அதே நடத்தைதான் அவற்றைக் காப்பாற்றியது.

இதற்கு மறுப்பு உடனே வரும், நியாயமான மறுப்புதான். மென்பொருள் கோளாறு செய்கிறது என்றுதான் நீக்கிப் போடுகிறோம். பழைய அமைவு ஹோமில் தங்கினால் கோளாறும் தங்குமே? தங்கும். லிபர்ஆபீஸ் திறந்ததும் மூடிக்கொள்கிறது, நீக்கி மறுபடி போட்டும் அதே கதை என்று வருபவை பெரும்பாலும் இந்த வகை. நிரல் நன்றாகவே இருக்கிறது, கெட்டுப்போனது பயனர் பகுதி. நிரலைப் பத்து முறை நீக்கிப் போட்டாலும் அது சரியாகாது. சரிசெய்ய எதையும் நீக்கவே வேண்டியதில்லை. மென்பொருளை மூடிவிட்டு, அந்தப் பயனர் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் போதும். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்று உருவாகும். கோளாறு தீர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் பழையதிலிருந்து சொற்கிடங்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நீக்கிப் போடுவது மருந்து என்ற நம்பிக்கை விண்டோஸ் காலத்தில் நம் கைக்கு வந்த பழக்கம். லினக்ஸில் அது அநேகமாக வீண்வேலை. முதலில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் அதே மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் நிரலில் பழுதில்லை என்று தெரிந்துவிடும்.

பேரேட்டை நம்பாமல் கையால் துடைக்கப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் தனி. ஈடிசிக்குள் ஒரு பொதியின் அமைவுக் கோப்புறையைக் கையால் அழித்துவிட்டு அதே பொதியை மறுபடி நிறுவினால், அழித்த அமைவுக் கோப்புகள் திரும்ப வராது. ஏனென்றால் டிபிகேஜி அந்த அழிப்பை நிர்வாகியின் முடிவாக எடுத்துக்கொண்டு மதிக்கிறது! அப்பாச்சி சேவையகத்தின் அமைவை இப்படி அழித்துவிட்டு, "எத்தனை முறை போட்டாலும் ஓட மாட்டேங்குது" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. முறையாகப் பர்ஜ் செய்துவிட்டு நிறுவினால் வந்துவிடும். எங்கள் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பாத்தியின் களிமண் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் உப்புநீரை விடுகிறார்கள். விளைந்த உப்பை வாரும்போது பலகை தரையைக் கீறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மணியும் விடக்கூடாது என்று அழுத்தி வாரினால் சேறும் சேர்ந்து வந்து உப்பும் கெடும், பாத்தியும் கெடும். கையால் துடைப்பவர்கள் செய்வது அந்த அழுத்தி வாருதலைத்தான்.

இது மிகைப்படுத்திச் சொன்னது அல்ல என்பதற்குச் சான்றுகள் பொதுவெளியிலேயே உள்ளன. 2011இல் பம்பிள்பீ என்ற வரைகலைக் கருவியின் நிறுவல் நிரலில் ஓர் அழிப்புக் கட்டளைக்குள் தேவையற்ற ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருந்த ஒரு பழைய இணைப்பை அழிக்க வேண்டிய கட்டளை, யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதையும் அழிக்கும் கட்டளையாக மாறியது. அந்தக் கோப்புறையில்தான் ஏறத்தாழ எல்லா நிரல்களும் இருக்கின்றன. 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் பதிப்பில் இன்னொன்று நடந்தது. தன் கோப்புறை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபோது ஒரு மாறி வெறுமையாக நின்றது, அதைத் தொடர்ந்து வந்த அழிப்புக் கட்டளை பயனரின் கோப்புகளையே, செருகியிருந்த காப்பு வட்டு உட்பட, அழிக்கப் போயிற்று. 2021 நவம்பரில் கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் அதே ஸ்டீமை நிறுவப் போய், பொதிகளுக்கிடையே இருந்த முரண்பாட்டால் மேசைச் சூழலையே இழந்தார். ஏபிடி என்னென்ன நீக்கப்போகிறது என்று பட்டியல் போட்டது, ஆபத்து என்றது, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து உறுதிசெய்யச் சொன்னது. அவரும் செய்தார். முதல் இரண்டிலும் பேரேட்டைப் பாராமல் நேரடியாக அழித்த நிரல்கள் கேட்பாரின்றிச் சேதம் செய்தன. மூன்றாவதில் பேரேடு பார்த்து வேலை செய்யும் கருவி செய்வதற்கு முன் சொன்னது; படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. உபுண்டுவில் புதிய பதிப்பு போடுவதற்காகப் பைத்தான் 3ஐ நீக்கப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். மேசைச் சூழலின் பாதி அதை நம்பி நிற்கிறது. நீக்கப்படும் பட்டியலை முழுவதும் படிக்காமல் 'ஒய்' அழுத்தக் கூடாது என்பதைத் தவிர இதில் வேறு ரகசியம் எதுவும் இல்லை.

வட்டில் இடம் அடைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இதை நீட்ட வேண்டியதில்லை. தங்கும் அமைவுக் கோப்புகள் பெரும்பாலும் சில கிலோபைட். இடத்தைத் தின்பவை வேறு: இறக்கிய பொதிகளின் சேமிப்பு, ஹோமில் உள்ள கேஷ் கோப்புறை, பழைய கெர்னல்கள், ஸ்னாப் என்ற இன்னொரு பொதி முறை வைத்துக்கொள்ளும் முந்தைய பதிப்புகள், யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் ஃபிளாட்பேக் ரன்டைம்கள். இவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் முறையான கட்டளை இருக்கிறது. ஸ்னாப் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதில் நீக்கினால் பயனர் தரவை ஒரு படியெடுத்து ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்த பிறகே அழிக்கிறது. உடனே போக வேண்டுமானால் பர்ஜ் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நீக்கிவிட்டு மறுநாள் வந்து "என் தரவு போச்சே" என்று நிற்பவர்களை நினைத்தால் இதைப் புத்திசாலித்தனம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

உண்மையில் தொல்லை தரும் மிச்சங்கள் பேரேட்டில் ஏறாதவை. யாரும் அவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. வெளி நிறுவனத்தின் மென்பொருளை நிறுவும்போது அதன் களஞ்சிய முகவரியும் சாவியும் ஏபிடியின் மூலப் பட்டியலில் சேர்ந்துவிடும். மென்பொருளை நீக்கிய பிறகும் அவை அங்கேயே இருந்தால், அந்தக் களஞ்சியத்திலிருந்து வரும் எதையும் கணினி தொடர்ந்து நம்பும். மூலநிரலை இறக்கி 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தவை யுஎஸ்ஆருக்குள் லோக்கல் கோப்புறையில் போய் உட்காரும். டிபிகேஜிக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூலநிரல் கோப்புறையை வைத்திருந்தால், எழுதியவர் மனம் வைத்திருந்தால், 'மேக் அன்இன்ஸ்டால்' வேலை செய்யும். மூலநிரலை அழித்துவிட்டால் எது எங்கே போனது என்று தேடித் திரிய வேண்டியதுதான். இணையத்திலிருந்து ஒரு வரியை ஒட்டி நேராக ஓடவிடும் நிறுவல் நிரல்கள் ஷெல்லின் அமைவுக் கோப்பில் சில வரிகளை எழுதிவிட்டுப் போகின்றன. கணினி தொடங்கும்போதே ஓடும் சேவைகளைச் சில நிரல்கள் வைத்துவிடுகின்றன. இப்படிப்பட்டவற்றை நீக்கும் நாளில் கண்டுபிடிப்பது கடினம், நிறுவும் நாளில் குறித்து வைப்பது எளிது. டெபியன்கூட இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவியால் கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக எதையும் நிறுவ முயன்றால் மறுத்துவிடுகிறது. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் போட்டுக்கொள் என்கிறது. அந்தத் தனிச் சூழல் ஒரே கோப்புறை. வேண்டாமென்றால் அந்தக் கோப்புறையை அழித்தால் வேலை முடிந்தது. பிப் பயன்படுத்துபவர்கள் இதற்காக டெபியனைத் திட்டினார்கள். பிறகு நீக்க வேண்டியிருப்பவர்கள் வாழ்த்தலாம்.

இந்த வகை மிச்சத்தின் உச்சம் லினக்ஸையே நீக்குவது. பாஸ் வேண்டாம், விண்டோஸ் மட்டும் போதும் என்று விண்டோஸின் வட்டு மேலாண்மைக்குப் போய் லினக்ஸ் இருந்த பகிர்வை அழித்துவிடுகிறார்கள். அடுத்த முறை இயக்கினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது, விண்டோஸும் வராது. காரணம் இதுதான். பழைய பயாஸ் முறைக் கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டில் கிரப் என்ற லினக்ஸ் தொடக்க நிரலின் தலைப்பகுதி இருக்கிறது. பட்டியலும் மற்ற பகுதிகளும் லினக்ஸ் பகிர்வுக்குள் இருந்தன. பகிர்வை அழித்தவர் உடலை எடுத்துவிட்டுத் தலையை விட்டுவிட்டார், தலை உடலைத் தேடுகிறது. சரியான முறை வரிசையை மாற்றுவது: முதலில் விண்டோஸ் மீட்பு வட்டிலிருந்து இயக்கி பூட்ரெக் கருவியின் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையால் விண்டோஸின் தொடக்க நிரலை முதல் பகுதியில் எழுத வேண்டும், அதன் பிறகு பகிர்வை அழிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தச் சிக்கல் தணிந்திருக்கிறது. தொடக்க வரிசையில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஆனால் இஎஃப்ஐ பகிர்வில் பழைய லினக்ஸின் கோப்புறையும், மதர்போர்டின் நினைவகத்தில் அதன் பெயரும் தங்கிவிடும். அவற்றை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் போன்ற கருவியால் தனியாக எடுக்க வேண்டும். வைத்தது யார் என்ற கேள்வி இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது: கிரப்பை முதல் பகுதியில் வைத்தது லினக்ஸ் நிறுவி. விண்டோஸின் வட்டு மேலாண்மைக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க எந்த வழியும் இல்லை.

எல்லாவற்றையும் பேரேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காதே என்று கேட்கலாம். அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வின் விளைவுதான் நிக்ஸ். அதில் ஒவ்வொரு மென்பொருளும் அதன் ஒவ்வொரு துணையும் தனித்தனிக் கோப்புறையில் இருக்கும். கணினியின் அமைவு முழுவதும் எழுத்தில் இருக்கும். ஒரு வரியை எடுத்துவிட்டுக் குப்பை சேகரிப்பை ஓடவிட்டால் அந்த மென்பொருள் இருந்த தடமே இருக்காது. அழகான ஏற்பாடு. ஆனால் நிக்ஸும் ஹோம் கோப்புறையின் வாசலில் நின்றுவிடுகிறது, தரவுத்தளத்தின் தரவைத் தொடுவதில்லை. ஏற்பாடு எவ்வளவு கச்சிதமானாலும் பயனர் வைத்ததை நிரல் எடுக்கக் கூடாது என்ற எல்லை நகரவில்லை. டெபியனில் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றைப் பர்ஜ் செய்யும்போது, தரவையும் அழிக்கவா என்று தனியாக ஒரு கேள்வி வரும். கல்லூரி நூலகங்கள் பல, புத்தகப் பட்டியலைக் கோஹா மென்பொருளில் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் மரியாடிபி போன்ற தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்றவர் இழப்பது ஒரு மென்பொருளை அல்ல, ஒரு நூலகத்தின் பட்டியலை.

முழுமை உண்மையிலேயே தேவைப்படும் ஒரு சூழ்நிலை உண்டு: கணினி வேறொருவர் கைக்குப் போவது. ஃபயர்ஃபாக்ஸை நீக்கினால் அதில் சேமித்த கடவுச்சொற்கள் போகா. அவை ஹோமில் இருக்கின்றன. பயனர் கணக்கை ஹோமோடு சேர்த்து அழித்தாலும் அந்த இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை தரவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளே அழித்த பகிர்வையும் படங்களையும் மீட்டுத் தந்துவிடக்கூடும். ஆகவே விற்பதற்கு முன் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பழைய வன்வட்டு என்றால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி வட்டு முழுவதையும் ஒருமுறை சுழியத்தால் நிரப்புங்கள். எஸ்எஸ்டி என்றால் அந்த வட்டுக்கே உரிய பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் தேவையானவற்றைப் படியெடுத்துவிட்டு, பிறகு புதிதாக நிறுவிக் கொடுங்கள். பள்ளி மடிக்கணினியைத் தம்பிக்குக் கொடுப்பதானால் இவ்வளவு வேண்டாம். அவனுக்கு ஒரு புதுப் பயனர் கணக்கு போதும். அந்நியருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இதில் எதையும் விடாதீர்கள். வாங்குபவர் அவசரப்பட்டாலும் வட்டு நிரம்பி முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.